விலையும் மதிப்பும், நட்டமும் இழப்பும் – ஒரு சொற்பொருள் நோக்கு

முன்னுரை

ஒன்றுபோலத் தோன்றும் இரு பொருள்களை வேறுபிரித்துக் காட்டும் ஆற்றலே ஒரு மொழியின் வளத்திற்குச் சிறந்த அளவுகோல் எனலாம். அவ்வாற்றலைத் தமிழ்மொழி நிரம்பப் பெற்றுள்ளது. ஆயினும் அம்மொழியைப் பேசும் நாம், வேறுபட்ட பொருளுடைய சொற்களை ஒரே சொல்லாகக் கருதி வழங்கிவருகின்றோம். விலை, மதிப்பு, அருமை என்பன ஒன்றென்றும், நட்டம், சேதம், இழப்பு என்பன ஒன்றென்றும் எண்ணுவோர் பலர். யாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தைத் திருத்தியவர் ஒரு பேராசிரியர் அல்லர். பள்ளிப் படிப்பையும் முடிக்காத ஒரு பெரியவர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருநாள் பிற்பகலில், வகுப்புகள் முடிந்து துறையில் அமர்ந்திருந்த வேளை, எம் ஊர்ப் பெரியவர் ஒருவர் ஓர் அறிவிக்கையுடன் வந்தார். ஸலாம் உரைத்து அமர்ந்து, அத்தாளை எம்முன் விரித்தார். பொதுப்பயனுக்காக அவருடைய தென்னந்தோப்பில் ஒரு பகுதியைக் கையகப்படுத்தக் கருதியிருப்பதாகவும், மறுப்பு இருப்பின் 60 நாள்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம் எனவும் அதில் கண்டிருந்தது. “தம்பி, நீங்க தமிழ் படிச்சவங்க. இதுக்கு ஒரு பதில் எழுதித் தாங்க” என்றார்.

யாமும் எழுதினோம். ‘மேற்படி நிலம் எடுக்கப்படுமாயின் எனக்குப் பெரும் நட்டம் உண்டாகும்’ என்று தொடங்கி ஒரு பக்கம் வரைந்து படித்துக் காட்டினோம். பெரியவர் முகம் தெளியவில்லை. “நட்டம்னு எழுதாதீங்க தம்பி. நட்டம்னா எவ்வளவுன்னு கேப்பாங்க. சொன்னா கொடுத்துருவாங்க. கொடுத்த பின்னாடி நான் என்னத்தச் சொல்றது?” என்றார். சற்றுப் பொறுத்து, “அது எங்க வாப்பா வச்ச தோப்பு. நான் விக்கப் போகலையே, அதுக்கு ஏது விலை?” என்றார்.

சொற்பொருளியலைப் பல்லாண்டுகள் வகுப்பறையில் கற்பித்துவந்த எம்மை அவ்விரு வினாக்களும் வாயடைக்கச் செய்தன. அவற்றிற்கு விடை தேட முற்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

விலை, மதிப்பு, அருமை

‘விலை’ என்பது ‘வில்’ என்னும் வினையடியினின்று பிறந்த சொல். விற்றல் நிகழும் இடத்தில்தான் விலை தோன்றும். விற்பவன் ஒருவன், கொள்பவன் ஒருவன், இருவர் மனமும் இசைந்த ஓர் அளவு ஆகிய மூன்றும் கூடினாலன்றி விலை இல்லை. ஆகவே, ‘நான் விற்கப் போகவில்லையே, அதற்கு ஏது விலை?’ என்று பெரியவர் வினவியது இலக்கண நூலார் ஒப்பத்தக்க வினாவே ஆகும்.

‘மதிப்பு’ என்பது ‘மதி’ என்னும் அடியினின்று வந்தது. மதித்தல் என்பதற்கு அளவிடுதல், கருதுதல், போற்றுதல் எனும் பொருள்கள் உண்டு. மதிப்பு உண்டாக விற்பனை வேண்டுவதில்லை. மதிப்பவன் ஒருவன் இருந்தால் போதும். விற்பனைக்கு வாராத பொருளையும் மதிப்பிடலாம். மாணவரின் விடைத்தாளை மதிப்பிட்டு மதிப்பெண் வழங்குகின்றோம். நூலைப் படித்து மதிப்புரை எழுதுகின்றோம். இவ்விடங்களில் விலை என்னும் சொல் நுழையவே முடியாது.

‘அருமை’ என்பது இவ்விரண்டினும் வேறானது. அருமை என்பதன் முதற்பொருள் கிடைத்தற்கு அரிதாதல். எது எளிதில் வாராதோ அது அரியது, அரியதாகலின் போற்றத்தக்கது. இதற்கு எதிர்முனையில் நிற்பது ‘மலிவு’ என்னும் சொல். மலிதல் என்றால் நிறைதல், மிகுதல். சந்தையில் ஒரு பொருள் மலிந்தால் அதன் விலை குறையும் என்பதனால், ‘மிகுதி’ எனப் பொருள்பட்ட சொல்லே ‘குறைந்த விலை’ எனவும் பொருள்படலாயிற்று. பொருளியல் நூலார் பல பக்கங்களில் விளக்கும் ஒரு கோட்பாட்டை நம் முன்னோர் இரண்டு சொற்களுக்குள் அடக்கிவைத்தனர் எனலாம்.

இச்சொற்களின் வேறுபாட்டை உணர்த்தத் தண்ணீரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ‘பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தான்’ என்னும் மரபுத்தொடர், தண்ணீருக்கு விலையே இல்லாத காலத்தில் பிறந்தது. இன்று நம் வீடுகளில் குடிநீர்க் கேன்களை விலைகொடுத்து வாங்குகின்றோம். தண்ணீரின் மதிப்பு என்றும் ஒன்றே. அஃதின்றி உயிர்கள் இல்லை. அதன் அருமை கோடைக்குக் கோடை தெரிகின்றது. விலை மட்டுமே புதிதாக வந்து சேர்ந்தது. விலை இல்லாமல் இருந்த நாளில் அதற்கு மதிப்பும் இல்லை என்று கருதி ஏரியையும் குளத்தையும் தூர்த்தமையின் பயனை இன்று நுகர்கின்றோம்.

மாணவர்கள் கருத்தில் கொள்ளவேண்டிய ஒரு நுட்பம் ஈண்டு உண்டு. ‘விலைமதிப்பற்ற’ என்றால் விலையை மதிப்பிட இயலாத, அதாவது மிக உயர்ந்த என்பது பொருள். அத்தொடரின் முன்பாதியை நீக்கி ‘மதிப்பற்ற’ என்றால் ஒன்றுக்கும் உதவாத என்பது பொருள். ஒருமுறை இலக்கிய மன்ற விழாவில் வரவேற்புரை நிகழ்த்திய மாணவர் ஒருவர், ஆர்வ மிகுதியால் சிறப்பு விருந்தினரை ‘மதிப்பற்ற விருந்தினர் அவர்களே’ என விளித்துவிட்டார். அரங்கு சிரித்தது, விருந்தினரும் சிரித்தார். ஆயின் அம்மாணவர் அன்று கற்ற பாடத்தை வாழ்நாளில் மறவார் என்று நம்புகின்றோம்.

ஈழத்தமிழர் வழக்கில் ‘பெறுமதி’ என்றொரு சொல் உண்டு. ஒரு பொருள் பெறத்தக்க மதிப்பு என அது விரியும். இலங்கையில் ‘பெறுமதி சேர் வரி’ எனப்படும் வரியே, தமிழ்நாட்டில் 2007 முதல் நடைமுறையில் இருந்த நாளில் ‘மதிப்புக் கூட்டு வரி’ எனப்பட்டது. 2017ஆம் ஆண்டு சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் அப்பெயர் இங்கே பெரிதும் வழக்கொழிந்தது. ஒரே கருத்தைக் கடலின் இருகரைத் தமிழரும் வெவ்வேறு சொல்லால் வழங்கினும், இரண்டிலும் ‘மதி’ நிற்பது நோக்கத்தக்கது.

இவ்வேறுபாடு தமிழுக்கு மட்டும் உரியதன்று. இசுலாமியச் சட்ட நூலார் அரபு மொழியில் ‘ஸமன்’ என்றும் ‘கீமத்’ என்றும் இரு சொற்களை வேறுபடுத்தி ஆள்வர். ஒப்பந்தத்தில் இருவரும் இசைந்த தொகை ஸமன். சந்தையில் அப்பொருளுக்கு உள்ள மதிப்பு கீமத். நூறு ரூபாய் பெறும் பொருளை ஒருவர் தம் நண்பருக்கு எண்பது ரூபாய்க்குத் தரின், ஸமன் எண்பது, கீமத் நூறு. முன்னதை விலை எனவும் பின்னதை மதிப்பு எனவும் தயங்காது தமிழாக்கலாம்.

முதலும் ஊதியமும்

வணிகத்தில் இடப்படும் தொகையைத் தமிழில் ‘முதல்’ என்கின்றோம். வடமொழி வழியாக வந்த ‘மூலதனம்’ என்பதில் மூலம் என்பது வேரைக் குறிக்கும். ‘அசலும் வட்டியும்’ என்னும்போது வரும் ‘அசல்’, வேர், அடிப்படை எனப் பொருள்படும் ‘அஸ்ல்’ என்னும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். தொடக்கத்தைக் குறிக்கும் சொல்லும், வேரைக் குறிக்கும் சொற்கள் இரண்டுமாக, மூன்று மொழிகளும் ஒரே திசையில் சிந்தித்துள்ளமை வியப்பிற்குரியது. காயைப் பறிக்கலாம், வேரைத் தொடலாகாது என்னும் உழவரின் அறிவு இச்சொற்களில் உறைந்துள்ளது.

அசல் என்பதோடு அரபு மொழியிலிருந்து வந்த வேறு சில கணக்குச் சொற்களும் நம் அங்காடிகளில் தமிழாகவே நிலைபெற்றுள்ளன. ‘பாக்கி’ என்பது எஞ்சியிருப்பது. ‘வசூல்’ என்பது வந்து சேர்தல். ‘மகசூல்’ என்பது கிடைத்த பயன். கடைக்காரரும் உழவரும் சமய வேறுபாடின்றி இவற்றை நாளும் வழங்குகின்றனர். கொடுக்கல் வாங்கலில் மக்கள் கலந்து பழகிய வரலாற்றிற்கு இச்சொற்களே சான்று.

‘ஊதியம்’ என்னும் சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. இன்று ஊதியம் என்றால் மாதச் சம்பளம். வள்ளுவர் காலத்தில் அதன் பொருள் இலாபம், ஆதாயம் என்பதாகும். பெரியாரைத் துணைக்கோடல் என்னும் 45ஆம் அதிகாரத்தில், முதல் இல்லாதவர்க்கு ஊதியம் இல்லை என்னும் வணிக உண்மையை உவமையாக்கி, தம்மைத் தாங்கும் சான்றோர் துணையில்லாதவர்க்கு நிலைபேறு இல்லை என்று அவர் உணர்த்துகின்றார். 47ஆம் அதிகாரமான தெரிந்துசெயல்வகையில், வரப்போகும் ஆக்கத்தை எண்ணிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையார் மேற்கொள்ளார் என்று எச்சரிக்கின்றார். புகழ் என்னும் 24ஆம் அதிகாரத்திலோ, ஈந்து புகழ்பெற வாழ்வதே உயிர்க்கு ஊதியம் என்கின்றார். கொடுத்தால் குறையும் என்பது கடைக்கணக்கு. கொடுப்பதே ஊதியம் என்பது வள்ளுவர் கணக்கு. வணிகர் வழங்கிய ஒரு சொல்லை எடுத்து வணிகத்திற்கு அப்பால் நிறுத்திய திறம் போற்றத்தக்கது.

எம் பாட்டனார் சிறு தானியக் கடை நடத்தியவர். மரக்காலால் அளக்கும்போது ‘ஒன்று’ என்னாமல் ‘இலாபம்’ என்று தொடங்கி, பின்னரே ‘இரண்டு, மூன்று’ என்று எண்ணுவார். இவ்வழக்கம் தமிழகக் களத்துமேடுகளிலும் கடைகளிலும் பரவலாக இருந்ததே. நாள் முடிவில் கல்லாவை எண்ணும்போது மட்டும் அவர் ‘இலாபம்’ என்று கூறமாட்டார், ‘பரக்கத்’ என்பார். எண்ணிக்கையில் காட்டக்கூடியது இலாபம். எண்ணிக்கைக்குள் அடங்காத நிறைவு பரக்கத் என்னும் வேறுபாட்டை அவர் எந்த நூலிலும் கற்றாரல்லர்.

நட்டம், சேதம், இழப்பு

இனி, குறைவைச் சுட்டும் சொற்களைக் காண்போம். ‘நட்டம்’ என்பது நஷ்டம் என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். இன்றைய வழக்கில் அஃது ஒரு கணக்குச் சொல். இட்ட முதலைவிட வந்த வரவு குறைந்தால் நட்டம். அதற்கு ஒரு தொகை உண்டு. அத்தொகை வந்து சேர்ந்தால் நட்டம் தீர்ந்தது.

‘சேதம்’ என்பது வெட்டுதலைக் குறிக்கும் வடசொல்லினின்று வந்தது. பொருள் முற்றும் போகாது, ஒரு பகுதி சிதைந்து நிற்பதைச் சேதம் என்கின்றோம். மழையில் சுவர் சேதமடைகின்றது. மனிதனைச் சேதமடைந்தான் என்பதில்லை. பொன்வணிகத்தில் வழங்கும் ‘சேதாரம்’, நகை செய்கையில் கழியும் பொன்னுக்காகச் சேர்க்கப்படுவது. செய்கூலியும் சேதாரமும் வாங்கும்போது கணக்கில் ஏறும். பழைய நகையை விற்கச் செல்லும்போது அவை திரும்பி வாரா. மதிப்பும் விலையும் ஒன்றல்ல என்பதைத் தாய்மார்கள் உணரும் இடம் அதுவே.

‘தள்ளுபடி’ என்னும் சொல்லோ இடத்திற்கேற்ப முகம் மாற்றும். துணிக்கடையில் தள்ளுபடி எனின் விலைக்குறைப்பு, வாங்குவோர் மகிழ்வர். வங்கியில் கடன் தள்ளுபடி எனின் கடனாளி மகிழ்வார். நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி எனின் மனுதாரர் வருந்துவார். தள்ளுதல் என்னும் வினை ஒன்றே. எது தள்ளப்படுகின்றது என்பதைப் பொறுத்து ஆக்கமும் இழப்பும் அமைகின்றன.

‘இழப்பு’ என்பது ‘இழ’ என்னும் தமிழ் வினையடியினின்று பிறந்தது. நட்டத்திற்குக் கணக்கேடு வேண்டும். இழப்பிற்கு உறவு வேண்டும். நமக்கு உரியதாக இருந்த ஒன்றையே நாம் இழக்க முடியும். கண்ணை இழந்தான், தாயை இழந்தான், மானத்தை இழந்தான் என்கின்றோம். ‘தாய் இறந்ததில் அவனுக்கு நட்டம்’ என்று எவரேனும் கூறின், தமிழறிந்தார் செவி அதனை ஏற்குமா?

இவ்வடியினின்று வந்த மற்றொரு சொல் ‘இழவு’. வள்ளுவர் ஊழ் என்னும் 38ஆம் அதிகாரத்தில், இழத்தற்குக் காரணமான ஊழை ‘இழவூழ்’ என்றும், ஆதற்குக் காரணமான ஊழை ‘ஆகலூழ்’ என்றும் குறிக்கின்றார். அங்கே இழவு என்பது பொதுவாக இழத்தலையே சுட்டும். பிற்காலத்தில் அச்சொல் சாவு என்னும் ஒரு பொருளில் ஒடுங்கியது. ‘இழவு வீடு’ என்றாயிற்று. பின்னர் வசைச்சொல்லாகவும் தாழ்ந்தது. எல்லா இழப்புகளிலும் தலையாயது உயிரிழப்பே என்று மக்கள் கருதியதே இவ்வொடுக்கத்திற்குக் காரணம் எனக் கொள்ளலாம்.

வினைச்சொற்களை நோக்கின் நம் மொழியின் நுட்பம் மேலும் விளங்கும். கவனக்குறைவால் போனால் ‘தொலைத்தான்’. பிறர் கவர்ந்தாலோ காலன் கவர்ந்தாலோ ‘பறிகொடுத்தான்’. போட்டியில் போனால் ‘தோற்றான்’. கைக்கெட்டியதை அசட்டையால் விட்டால் ‘கோட்டைவிட்டான்’. தானே மனமுவந்து விட்டால் ‘துறந்தான்’. போனது ஒன்றே ஆயினும் போனவிதம் ஐந்து. ‘பிள்ளையைத் தொலைத்தாள்’ என்பதற்கும் ‘பிள்ளையைப் பறிகொடுத்தாள்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவர் தமிழில் ஒரு செய்தியும் எழுதுதல் தகாது. முன்னது திருவிழாக் கூட்டத்தில் நிகழ்வது, தேடினால் கிடைக்கலாம். பின்னதற்குத் தேடல் இல்லை.

இழப்பை நேரே கூறக் கூசுவதும் தமிழ் மரபே. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். இறந்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். விளக்கை அணை என்னாமல் குளிரவை என்பதும், அரிசி தீர்ந்தது என்னாமல் நிறைந்திருக்கிறது என்பதும் இதன்பாற்படும். எம் இல்லங்களில் வழங்கும் ‘மௌத்தாகிவிட்டார்’, ‘வஃபாத்தானார்’ என்னும் தொடர்களும், பொதுவழக்கில் உள்ள ‘தவறிவிட்டார்’ என்பதும் அம்மரபின் கிளைகளே.

ஈடும் ஆறுதலும்

‘ஈடு’ என்றால் ஒப்பு, சமம். ஒன்றின் இடத்தில் வைக்கத்தக்க நிகரான பொருளே ஈடு. அடகிற்கும் ஈடு என்று பெயர். நட்டத்திற்கு ஈடு உண்டு என்பது எளிதில் விளங்கும். இழப்பிற்கு ஈடு உண்டா? ‘ஈடுசெய்ய இயலாத இழப்பு’ என்று இரங்கல் கூட்டங்களில் கூறிவிட்டு, ‘இழப்பீடு’ என்னும் சொல்லையும் சட்டத்தில் வழங்குகின்றோம். இம்முரணை அறிஞர் எவ்வாறு தீர்த்தனர் என்பது ஆராயத்தக்கது.

இசுலாமியச் சட்ட நூலார், அழிந்த பொருளுக்கு நிகரான வேறொரு பொருள் கிடைக்குமாயின் அதனை ‘மிஸ்லீ’ என்றும், நிகர் கிடையாதாயின் ‘கீமீ’ என்றும் பகுப்பர். ஒருவருடைய ஒரு மூட்டை கோதுமையை அழித்தவர் அதே வகைக் கோதுமையைத் தரவேண்டும். ஒருவருடைய குதிரையை அழித்தவரோ அதன் மதிப்பைத் தரவேண்டும். ஏனெனில் ஒரு குதிரையைப் போன்றது மற்றொரு குதிரை அன்று. நிகர் இல்லாதவிடத்துப் பணம் என்பது ஒரு மாற்று ஏற்பாடே என்பது இப்பகுப்பில் தெளிவாகின்றது.

நம் நாட்டு நில எடுப்புச் சட்டத்திலும் இதனையொத்த ஓர் ஒப்புதல் உண்டு. 1894ஆம் ஆண்டின் சட்டம், நிலத்தின் சந்தை மதிப்பிற்கு மேல் ஒரு தொகையை, உரியவர் விருப்பமின்றி எடுக்கப்படுவதைக் கருதி, வழங்கச் செய்தது. ‘ஆறுதல் தொகை’ என்பது அதன் பெயர். 1984ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அது சந்தை மதிப்பில் 30 விழுக்காடாக இருந்தது. அச்சட்டத்திற்கு மாற்றாக 2013இல் இயற்றப்பட்டு 2014 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம், நிலத்தோடு சேர்ந்த மரங்கள், கட்டடங்கள் முதலியவற்றின் மதிப்பையும் கூட்டி, அவ்வாறு வந்த இழப்பீட்டுக்கு நிகராக 100 விழுக்காட்டை ஆறுதல் தொகையாக வழங்குமாறு விதித்தது. சந்தை மதிப்பு, இழப்பீடு, ஆறுதல் என்னும் மூன்று சொற்கள் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. மதிப்பைக் கொடுத்த பின்னும் தீராத ஒன்று எஞ்சுகின்றது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டு அதற்கு ஆறுதல் என்று பெயரிட்டிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

இவற்றையெல்லாம் படித்தறிந்த பின், பெரியவருக்காக முதலில் எழுதியதைக் கிழித்துவிட்டு வேறொரு மனு எழுதினோம். அதனை இரண்டு பகுதியாக வகுத்தோம். எண்ணக்கூடியவை அனைத்தையும் முதற்பகுதியில் நிரல்படுத்தினோம்: காய்க்கும் தென்னைகள் இத்தனை, இளங்கன்றுகள் இத்தனை, கிணறு ஒன்று, மோட்டார் அறை ஒன்று, வேலி இவ்வளவு நீளம். இரண்டாம் பகுதியில் எண்ண இயலாதவற்றை எழுதினோம்: இது விற்பனைக்கு வைத்த நிலம் அன்று, தந்தை நட்டது, மகன் நீரூற்றியது, இதனை எடுப்பின் எமக்கு நேர்வது இழப்பு, இயலுமாயின் வேறு இடத்தைக் கருதுமாறு வேண்டுகின்றோம். பெரியவர் இம்முறை முழுதும் கேட்டுத் தலையசைத்தார்.

மாந்தர்க்கு விலை உண்டோ?

மாந்தரைக் குறித்து வரும்போது விலை என்னும் சொல் இழிவையே தருகின்றது. ‘விலைபோய்விட்டான்’ என்பது வசை. ‘மதிப்புடையவன்’ என்பது வாழ்த்து. மாந்தர்க்கு மதிப்பு உண்டு, விலை இல்லை என்னும் அறநெறியை நம் அன்றாடப் பேச்சே காத்துவருகின்றது.

இவ்விடத்தில் எம் சமுதாயப் பெரியோர்முன் ஒரு சொல்லை வைக்க விழைகின்றோம். தமிழ் முசுலிம்களின் வழக்கில், மணமகன் வீட்டார் பெறும் தொகைக்குக் ‘கைக்கூலி’ என்று பெயர். பொதுத்தமிழில் கைக்கூலி என்பது இலஞ்சத்தையும், கூலிக்காகப் பிறர் ஏவலைச் செய்பவனையும் குறிக்கும். இப்பெயரை இட்டவர் யாரென்று தெரியவில்லை. எனினும், அவர் நெஞ்சில் ஒரு சினம் இருந்திருத்தல் வேண்டும். மணமகன் மணமகளுக்கு அளிக்கவேண்டிய ‘மஹர்’ அவளுடைய விலை அன்று. அவளுக்கே உரிய கொடை. அதனைச் சிறுதொகையாகச் சுருக்கி, கைக்கூலியைப் பெருந்தொகையாக வளர்த்த இடங்களில் மதிப்பு இருக்கவேண்டிய இடத்தில் விலை வந்து அமர்ந்துவிட்டது. பெற்ற தொகையைக் கணக்கில் ஆதாயம் என எழுதிக்கொள்ளும் இளைஞர், அன்றே தாம் விலைபோனதையும் அக்கணக்கின் மறுபக்கத்தில் எழுதிக்கொள்ளல் வேண்டும். எம் மாணவர்கள் பட்டம் பெற்று மணமேடைக்குச் செல்லும் நாளில் இச்சொற்பொருளை நினைவுகூர்வாராயின், தமிழ்ப்பாடம் பயனுடையதாயிற்று என்று மகிழ்வோம்.

விழுமம்

இறுதியாக ஒரு சொல். இன்று ‘விழுமியம்’ என்பதை வாழ்க்கைக்குரிய உயர்ந்த மதிப்புகள் என்னும் பொருளில் ஆள்கின்றோம். அதற்கு அடியாக அமைந்தது ‘விழுமம்’ என்னும் பழஞ்சொல். தொல்காப்பியர் உரியியலில் விழுமம் என்பதற்குச் சீர்மை, சிறப்பு, இடும்பை என மூன்று பொருள்களைத் தருகின்றார். சீர்மையும் சிறப்பும் உயர்வைக் குறிப்பன, இடும்பையோ துன்பம். வள்ளுவரும் செய்ந்நன்றியறிதல் என்னும் 11ஆம் அதிகாரத்தில், தம் துன்பத்தைத் துடைத்தவரின் நட்பை நல்லோர் பல பிறப்பிலும் நினைப்பர் எனக் கூறுமிடத்தில், துன்பம் என்னும் பொருளில் விழுமம் என்னும் சொல்லையே ஆள்கின்றார். கல்வி என்னும் 40ஆம் அதிகாரத்தின் இறுதியிலோ, கேடில்லாத சிறந்த செல்வம் கல்வியே எனக் கூறும்போது, சிறப்பு என்னும் பொருளில் ‘விழு’ என்னும் அடியை அமைக்கின்றார்.

உயர்வையும் துன்பத்தையும் ஒரே சொல் எவ்வாறு தாங்கியது? இதற்கு மொழிநூலார் கூறும் காரணம் எதுவாயினும், வாழ்வு கூறும் காரணம் ஒன்று உண்டு. எது நமக்குச் சிறந்ததோ அதன் பிரிவே நமக்குத் துன்பமாகின்றது. சிறப்பில்லாத பொருள் போனால் இடும்பை இல்லை. ஆகவே ஒருவர் எதை இழந்து வருந்துகின்றார் என்பதைக் கொண்டே அவர் எதை மதித்தார் என்பதை அறியலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், விலை விற்பனையில் பிறப்பது என்பதும், மதிப்பு மதிப்பவர் உள்ளத்தில் பிறப்பது என்பதும், அருமை கிடைத்தற்கரிய தன்மையில் பிறப்பது என்பதும் பெறப்படும். நட்டத்திற்குத் தொகை உண்டு. சேதத்திற்குப் பழுதுபார்ப்பு உண்டு. இழப்பிற்கு ஆறுதல் மட்டுமே உண்டு. ஒரு மனுவிலும், ஒரு செய்தியிலும், ஓர் இரங்கல் மடலிலும் இவற்றுள் எச்சொல்லைத் தேர்கின்றோம் என்பதைப் பொறுத்தே, பிறர் நமக்கு எதனைத் தரவேண்டும் என்பதும், எதனைத் தரவே முடியாது என்பதும் தெளிவாகும்.

பெரியவரின் தோப்பு பின்னர் எடுக்கப்பட்டது. வேறு இடம் கருதப்படவில்லை. மரங்களையும் கிணற்றையும் பெயர் சுட்டி எழுதியிருந்தமையால் விசாரணையின்போது அவை ஒன்றும் விடுபடாமல் கணக்கில் ஏறின. அவர் எதிர்பார்த்ததினும் மிகுதியான தொகையே கிடைத்தது. அதனைச் சொல்ல ஒருநாள் துறைக்கு வந்தார். கையில் ஒரு பையில் நான்கு தேங்காய்கள். “கடைசியா எறக்குனது தம்பி, வீட்டுக்குக் கொண்டு போங்க” என்று மேசைமேல் வைத்தார்.

“மாமா, நட்டம் ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டோம்.

“கணக்குப் பார்த்தா நட்டமில்ல தம்பி” என்றார். எழுந்து வாயில்வரை சென்றவர் திரும்பி நின்று, “ஆனா இழந்துட்டோம்” என்றார்.

இச்சொற்களின் வேறுபாட்டை விளக்கக் கரும்பலகையில் யாம் வரைந்த வரைபடங்கள் பல. அவை அனைத்தினும் தெளிவான விளக்கத்தை அன்று அவ்வாயிலில் கேட்டோம்.